படம் முடிந்த பிறகு அரை மணி நேரம்

மதுரையில் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிய படங்களைத் திரையிடவும் புத்தகங்களை வெளியிடவும் ஆளுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் ஏதாவது ஓர் அரங்கில் ஏதாவது ஒன்று நடக்கிறது. வந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், படம் சொல்வதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். படத்தில் வரும் தூய்மைப் பணியாளரோ தறிக்காரரோ துணிக்கடைப் பெண்ணோ அங்கே இருப்பதில்லை. அவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்கும். இல்லையென்றால் விடிகாலை வேலைக்குப் போவதற்காகச் சீக்கிரம் படுத்திருப்பார்கள்.

அவர்கள் தெருவுக்கே படத்தைக் கொண்டுபோவது எப்படி, கொண்டுபோன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும் வருகிற அரை மணி நேரத்தில் ஒரு கோரிக்கையாவது தாளில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் அந்தத் தெருவில் எதுவும் மாறாது. நல்ல பாட்டும் நல்ல படமும் தாமாகவே வேலை செய்துவிடும் என்கிற நம்பிக்கை நம் இயக்கங்களில் நிறைய இருக்கிறது. அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

மதுரை வட்டாரத்துக்கு இது புதிய விஷயமும் அல்ல. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடகக் கலைஞர் விஸ்வநாத தாஸ் புராண நாடகங்களுக்கு நடுவே விடுதலைப் பாட்டுகளைப் பாடினார். கைது செய்யக் காவலர்கள் கொட்டகையிலேயே காத்திருந்த காலம் அது. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாடக மேடையில் பாடி நடித்துக்கொண்டிருந்த கே.பி.ஜானகி அம்மாள் அங்கிருந்து இயக்கத்துக்கு வந்து, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் ஹார்வி மில் தொழிலாளர்களைத் திரட்ட வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் முன்னின்றார். 1975 ஜூலையில், அவசரநிலை அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இதே ஊரில்தான் தொடங்கப்பட்டது. மேடையும் மில் வாசலும் இங்கே நெடுங்காலம் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. பாடியவரே மறுநாள் மனுவும் எழுதினார். இன்று படம் காட்டுகிறவர் ஒருவர், சங்கம் நடத்துகிறவர் இன்னொருவர், இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

எந்தப் படம் என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தக் கோரிக்கை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வார்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை வரவில்லை, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் ஆனால் கணக்கில் ஏறவில்லை, கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குகிறார்கள் என்று புகார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஆர்.பி.அமுதனின் ‘பீ’ (2003) பொருந்தும். மதுரையில் ஒரு தெருவைத் தினமும் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் வேலையை அந்தப் படம் கூடவே போய்ப் பார்க்கிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) முழுநீள ஆவணப்படம். 2015இல் மதுரையில் நடந்த இரண்டு தொழிலாளர்களின் மரணம்தான் அவரை அந்தப் படத்துக்குள் இழுத்தது. பல ஊர்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டதால் கடைசியில் யூடியூபிலேயே வெளியிட்டார்.

இரண்டில் எதைப் போடுவது? தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் முதல் திரையிடல் என்றால் ‘பீ’ போதும் என்பது என் எண்ணம். ‘கக்கூஸ்’ கடுமையான படம். இறந்தவர்களின் குடும்பங்கள் அதில் நேராகப் பேசுகின்றன. அதே வேலை பார்க்கிற குடும்பம், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டியவர்கள் வேறு தெருக்காரர்கள், தங்கள் வீட்டுச் செப்டிக் டேங்குக்கு ஆளைக் கூப்பிடுகிறவர்கள். குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் அதைப் போடுங்கள்.

இனி, தெருவில் திரை கட்டும் வேலை. பார்த்தால் சின்ன விஷயம் போலத் தெரியும், கூட்டம் கலைவது பெரும்பாலும் இங்கேதான்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் எந்தப் பெண்ணும் திரை முன்னால் உட்கார மாட்டார், உட்காரவும் முடியாது. வில்லாபுரத்தில் குடிநீருக்காக நின்ற மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட ஊர் இது. தண்ணீர் இங்கே எப்போதும் அரசியல்தான். அடுத்தது வேலை நேரம். தூய்மைப் பணியாளர்கள் விடியும் முன்பே மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, போக வேண்டும், ஆகவே ஒன்பதரைக்கு மேல் அவர்களை உட்கார வைக்கக் கூடாது. கட்டட வேலைக்காரர்களுக்கும் தறிக்காரர்களுக்கும் சனிக்கிழமை கூலி நாள், அன்று மாலை யாரும் கிடைக்க மாட்டார்கள், ஞாயிறு நல்லது. ஸ்பின்னிங் மில் ஆட்களுக்கு ஆறு, இரண்டு, பத்து என்று ஷிப்ட் மாறும். ஒரே திரையிடலில் மூன்று ஷிப்டையும் பிடிக்க முடியாது, இரண்டு முறை போட வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் எதுவும் வைக்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் மதுரையில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக இருட்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆக, கையில் இருப்பது இரண்டரை மணி நேரம்தான். ஏழரைக்குத் தொடங்கினால், முக்கால் மணி நேரப் படம், அரை மணிப் பேச்சு, மனு வேலைக்கு இருபது நிமிடம் என்று ஒன்பது மணி வாக்கில் முடிக்கலாம். அதற்கு மேல் நீளும் படத்தை இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தேவையான பகுதியை மட்டும் போடுங்கள். படைப்பாளியிடம் முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அனுமதி கேட்காமல் இணையத்திலிருந்து இறக்கிப் போடுவது வேண்டாம்.

திரைக்கு வேட்டியோ படுக்கை விரிப்போ வேண்டாம். வெளிச்சம் பின்பக்கம் ஊடுருவிப் போய்விடும், மடிப்புக் கோடுகளும் தெரியும். பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம் மிகப் பொருத்தம். எட்டுக்கு ஆறு அடி இருந்தால் நூறு பேர் பார்க்கலாம். இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினால் காற்றில் பாய் போல உப்பும், அதனால் சுவரை ஒட்டிக் கட்டி, நான்கு மூலையோடு பக்கங்களின் நடுவிலும் கயிறு போடுங்கள். அடி விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருந்தால்தான் பின்வரிசைக்கும் தெரியும். மூவாயிரம் லூமென் புரொஜெக்டர் இந்த அளவுக்குப் போதும், தெருவிளக்கு திரை மேல் விழாமல் இருந்தால். இப்போதுள்ள எல்இடி தெருவிளக்கு படத்தை வெளுக்கச் செய்துவிடும். வார்டில் விளக்குப் பார்க்கும் ஆளிடம் முதல் நாளே சொல்லி அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் விளக்குக்கு முதுகு காட்டும் சுவரைத் தேடுங்கள்.

படத்தைவிட ஒலி முக்கியம். ஆவணப்படத்தில் வட்டார வழக்கில் மெல்லப் பேசுவார்கள். அது கேட்காவிட்டால் பத்தாவது நிமிடம் பிள்ளைகள் ஓடத் தொடங்கும், அவர்கள் பின்னால் தாய்மார்கள் எழுவார்கள். நீளமான சந்தில் ஒரே பெட்டியை முன்னால் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் மிஞ்சும். திரைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவே ஒன்று என இரண்டு பெட்டிகளைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். மின்சாரம் ஒரு வீட்டிலிருந்தோ டீக்கடையிலிருந்தோ எடுங்கள், அதற்கான காசைக் கையில் கொடுத்துவிடுங்கள். கம்பத்தில் கொக்கி போட்டால் கூட்டத்தைக் கலைக்க ஒரு காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். ஒயரைத் தரையில் குறுக்கே விடக் கூடாது, தண்ணீர் லாரி ஏறும். தலைக்கு மேலே கட்டுங்கள். மின்வெட்டில் பல்பு புரொஜெக்டர் திடீரென அணைந்தால் குளிராமல் பழுதாகும். கணினிக் கடையில் கிடைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் தப்பிக்கும். படத்தை நெட்டில் ஓட விட வேண்டாம், பென்டிரைவில் எடுத்துப் போங்கள். புரொஜெக்டர் சில கோப்புகளின் ஒலியைப் படிக்காது, அதனால் அதே புரொஜெக்டரில் முதல் நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அனுமதி விஷயம். மாநகர எல்லைக்குள் நகரக் காவல் சட்டத்தின் பிரிவு 41ஐக் காட்டுவார்கள், மேலூர், உசிலம்பட்டி பக்கம் போனால் காவல் சட்டத்தின் 30(2) அமலில் இருக்கிறது என்பார்கள். இரண்டுமே கூட்டத்துக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லும் பிரிவுகள். காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாக மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் உதவும். தணிக்கைச் சான்று இல்லாத ஆவணப்படம் என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்படிப்பட்ட படத்தைப் பொது இடத்தில் வைக்காமல் சங்க அலுவலகத்தில் உறுப்பினர் கூட்டமாக வைப்பது மேல்.

சரி, படம் முடிந்தது. இப்போதுதான் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் சிறப்பு விருந்தினரிடம் மைக்கைக் கொடுக்கிறார்கள். அவர் நாற்பது நிமிடம் உலக முதலாளித்துவம் பற்றிப் பேசுகிறார். பேச்சில் பிழை ஒன்றும் இருக்காது, ஆனால் அவர் முடிக்கும்போது தெருவில் கட்சிக்காரர்கள் மட்டும் இருப்பார்கள். விருந்தினர் வேண்டாம். தெருக்காரர் ஒருவரே பேச்சை நடத்தட்டும், பெண்ணாக இருந்தால் மிக நல்லது. கேள்வி படத்தைப் பற்றி இருக்கக் கூடாது. “படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சுங்க” என்றுதான் பதில் வரும். “உங்களுக்குக் கடைசியா எப்பக் கையுறை குடுத்தாங்க?” என்று கேளுங்கள். ஒருவர் “தீபாவளிக்கு முன்னாடி” என்பார், இன்னொருவர் “எனக்கு வரவே இல்லியேக்கா” என்பார். பேச்சு அங்கேதான் பிடிக்கும். ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து தேதி, இடம், சூப்பர்வைசர் சொன்னது எல்லாவற்றையும் எழுத வேண்டும். சூப்பர்வைசரோ காண்ட்ராக்டரின் ஆளோ கூட்டத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அன்று பேச்சை நிறுத்திவிட்டு மறுநாள் வீட்டுத் திண்ணையில் தொடருங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரை நீக்கக் காரணமே தேவையில்லை, “நாளைலருந்து வர வேணாம்” என்றால் முடிந்தது. மனுவைச் சங்கத்தின் பெயரிலோ குடியிருப்போர் பெயரிலோ கொடுத்தால் தனி ஆள் யாரும் மாட்ட மாட்டார்.

அந்த அரை மணிக்குள் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்டது. பாதாளச் சாக்கடைக்குள் ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் போகும் இரண்டாவது, மூன்றாவது ஆளும் ஏன் சாகிறார்? 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “வாடை போயிருச்சு, இறங்கு” என்று சொல்வது அதனால்தான் மரணத்துக்கு இட்டுச் செல்கிறது. ஐந்நூறு பங்குக்கு மேல் போனால் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார், எழுநூறைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். தேங்கிக் கிடக்கும் சகதியைக் காலால் மிதித்ததும் அதற்குள் சிறைப்பட்டிருந்த வாயு மொத்தமாக வெளியேறும், அதனால் மேலே நின்று பார்க்கும்போது பாதுகாப்பாகத் தோன்றிய குழி இறங்கிய நொடியில் மாறிவிடுகிறது. முகத்தில் துண்டு கட்டுவதும் மருத்துவ முகக்கவசமும் இந்த வாயுவுக்கு ஒன்றும் செய்யாது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் ஆபத்து, உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள் என்று பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பி விழுந்தால் யாராலும் சும்மா நிற்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7, கழிவுநீர்க் குழியையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. இது உள்ளாட்சிக்கும் பொருந்தும், காண்ட்ராக்டருக்கும் பொருந்தும். முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மரணத்துக்குப் பிறகு குடும்பத்தார் முதலில் பார்க்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை. அஜாக்கிரதையால் மரணம் என்ற பிரிவை மட்டும் போட்டு முடித்துவிடுவது வழக்கம். 2013ஆம் ஆண்டுச் சட்டமும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட வேண்டும் என்று அன்றே எழுத்தில் கொடுங்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பில் முப்பது லட்சமாக உயர்த்தியது. பிழைப்புக்கே வழியில்லாமல் செய்யும் நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது இருபது லட்சம். காண்ட்ராக்டர் மருத்துவமனை வாசலில் ஒரு தொகையை நீட்டி வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பார். இந்த எண்கள் தெரிந்த குடும்பம் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாது. அதற்காகவாவது தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சம்பளச் சீட்டு. சீட்டே தராத காண்ட்ராக்டர்கள் உண்டு, அப்போது வங்கிக் கணக்கில் ஏறிய தொகையை வைத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் 13,000. தொழிலாளியிடமிருந்து பிஎஃப் 12 சதவீதம் 1,560 ரூபாய், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 98 ரூபாய். கையில் வர வேண்டியது 11,342. முதலாளி தன் பங்காகப் பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 3.25 சதவீதமும் கட்ட வேண்டும், அது 1,560 ரூபாயும் 423 ரூபாயும். கையில் வருவது 9,359 என்றால் இரண்டு பங்கையும் தொழிலாளி தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நடக்கிற முறைகேடுகளில் மிகச் சாதாரணமானது இது. ஒரு தட்டியில் சாக்பீஸால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். தொழிலாளி தன் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கட்டும். பிஎஃப் எண் பன்னிரண்டு இலக்கம், இஎஸ்ஐ எண் பத்து இலக்கம். எண்ணே தராமல் பணம் மட்டும் பிடித்திருந்தால் அது வேறு வகைப் புகார், தனியாக எழுதுங்கள்.

புத்தகத்தின் வேலை வேறு. படம் ஒரு மாலையில் ஆட்களைச் சேர்க்கும், புத்தகம் சேர்ந்தவர்களை மாதக்கணக்கில் ஒன்றாக வைத்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இருக்கும் வட்டத்தில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர்கள் கேட்பதுதான் சரிப்பட்டு வரும். நிதானமாக வாசித்தால் அரை மணியில் பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும். முந்நூறு பக்க நாவலை வாரம் ஒரு முறை வாசித்தால் ஆறு மாதம் ஆகிவிடும், அதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். அத்தியாயம் தேர்ந்தெடுத்து வாசியுங்கள், நடுவிலுள்ள கதையை வாயால் சொல்லி இணையுங்கள்.

செல்லூர் தறிக்காரர்கள் மத்தியில் தொ.மு.சி.ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) இன்றும் உயிரோடு இருக்கும். நூல் கிடைக்காமலும் துணி விற்காமலும் நெசவாளர் குடும்பங்கள் பட்ட பாடு அது. வாசித்த கையோடு, இன்று சிட்டா நூல் (கைத்தறிக்கான கழி நூல்) எந்த விலைக்கு வருகிறது, கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டுகிறவர்கள் மீது நடவடிக்கை இருக்கிறதா என்று பேச்சைத் திருப்பலாம். கைத்தறி ஓடும் வீட்டில் வேலைக்கு நடுவிலேயே வாசித்துக் காட்டலாம். விசைத்தறிக் கூடத்தில் அது நடக்காது, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

திண்டுக்கல் தோல் ஷாப் (தோல் பதனிடும் கூடம்) தொழிலாளர்களைப் பற்றிய டி.செல்வராஜின் ‘தோல்’ 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பெரிய நாவல், முழுதாக வட்டத்தில் வாசிக்க முடியாது. ஆனால் சங்கம் என்ற ஒன்று இல்லாத இடத்தில் அது எப்படி உண்டாகிறது, முன்பணக் கடன் ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன நாவல் நம் வட்டாரத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை. சங்கப் பொறுப்பாளர்கள் மட்டுமாவது தனித்தனியாகப் படிக்க வேண்டும். கிளை நூலகங்களில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். நாம் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் போகிறது, அந்த இடத்தில் உட்கார நமக்கு முழு உரிமை உண்டு.

உசிலம்பட்டி, தேனிப் பக்கம் நிலமில்லாத விவசாயக் கூலிகளிடம் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நன்றாகப் போகும். ஒரே எச்சரிக்கை: அதன் முடிவு ஆட்களைப் பேச்சற்றவர்களாக்கிவிடும். அந்த மௌனத்தில் உடனே மைக்கை எடுக்காதீர்கள், டீ கொடுத்துவிட்டுப் பிறகு நிலப் பட்டா பற்றிப் பேசுங்கள்.

விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் தெருவில் கூட்டுவது முடியாத காரியம். இரவு கடை அடைத்து, பஸ் பிடித்து, வீடு சேரவே நேரம் போதாது. அவர்களுக்கு வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) புதிய செய்தி எதையும் சொல்லாது, அவர்களே அதை வாழ்கிறார்கள். அங்கே பிட் நோட்டீஸ்தான் கைகொடுக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் பிரிவு 22ஏ சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது, எல்லாப் பணியாளருக்கும் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அது. சில கடைகள் ஸ்டூலை வாங்கிக் குடோனில் போட்டுவிட்டு ஆய்வாளரிடம் காட்டுகின்றன. சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே புகாரில் “இருக்கை இல்லை” என்று மட்டும் எழுதக் கூடாது. “கவுன்டர் பக்கத்தில் இருக்கை இல்லை” என்றோ “உட்கார்ந்ததற்காக இத்தனாம் தேதி இவ்வளவு ரூபாய் பிடித்தார்கள்” என்றோ எழுதினால்தான் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து பார்க்க ஏதாவது இருக்கும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற அளவையும் நோட்டீஸில் போடுங்கள். எழுத்து பதினான்கு புள்ளிக்குக் குறையக் கூடாது, பஸ்ஸில் மங்கிய வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அச்சகத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் கீழே இருக்கட்டும், மொட்டைக் கடுதாசியை யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாம் வந்து சேரும் இடம் மனு. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். ஐந்தைச் சேர்த்து எழுதினால் அதிகாரி சுலபமானதற்கு மட்டும் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார். கையுறை ஒரு மனு, பிஎஃப் ஒரு மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் தருவார்கள், அந்த எண்ணைத் தெருவில் எல்லோரும் பார்க்கும் சுவரில் எழுதி வையுங்கள். உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விவரம் சேகரித்த வேலை இருந்தது. அந்த வேலைக்கு இன்றும் ஆள் குறைவு.

மனுவோடு தகவல் உரிமை விண்ணப்பமும் போக வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். “ஏன் கையுறை தரவில்லை?” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: ஒப்பந்தத்தின் நகல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் பாதுகாப்புக் கருவி வாங்கிய ரசீதுகள், அவற்றைப் பெற்றுக்கொண்டதாகத் தொழிலாளர் கையெழுத்திட்ட பதிவேடு, பிஎஃப், இஎஸ்ஐ செலுத்திய சலான்கள். பதிவேட்டின் நகல் வந்ததும் அதிலிருக்கும் கையெழுத்துகளைத் தெருவில் காட்டுங்கள். படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கிற அம்மாவின் பெயருக்கு நேரே அழகான கையெழுத்து இருக்கும். அதுவே அடுத்த புகார்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். பல குழுக்கள் இங்கேதான் விட்டுவிடுகின்றன, யார் போடுவது என்று பொறுப்புப் பிரிக்காததால். திரையிடல் நடந்த இரவே, நோட்டின் கடைசிப் பக்கத்தில் முப்பதாவது நாளின் தேதியையும் அன்று மேல்முறையீடு எழுதப்போகிறவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் அதே சுவரில் அடுத்த படத்தைப் போடுங்கள், படத்துக்கு முன்னால் வந்த பதிலை வாசித்துக் காட்டுங்கள்.